வேலூர்த் தண்ணீரில் செர்ரி இறால்: செடித் தொட்டி நீரைப் பாதுகாக்கும் வழிமுறை

வேலூர்ப் பக்கம் தொட்டி இறால்கள் சாவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: வெயில், நாளுக்கு நாள் குணம் மாறும் தண்ணீர், வீட்டுக்குள் போடும் கொசு மருந்து. கப்பி மீன் பொறுத்துக்கொள்ளும் பல விஷயங்களை இறால் பொறுத்துக்கொள்ளாது. ஆனால் ஒரே மாதிரித் தண்ணீர் மாதக்கணக்கில் கிடைத்தால், கொஞ்சம் கடினமான நீரில்கூடச் செர்ரி இறால் நன்றாகப் பெருகும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஒரே மாதிரித் தண்ணீரை இந்த ஊரில் எப்படித் தருவது என்பதற்காகத்தான்.

முதலில் இனம். நியோகேரிடினா வகையைச் சேர்ந்த சிவப்புச் செர்ரி, மஞ்சள், நீல இறால்களோடு தொடங்குங்கள். கிரிஸ்டல் ரெட் போன்ற கேரிடினா வகைக்கு மிக மென்மையான, அமிலத் தன்மையுள்ள, 21 முதல் 24 டிகிரி வரையான நீர் வேண்டும். குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் வேலூர் மே மாதத்தில் அதைக் காப்பாற்ற முடியாது.

செர்ரி இறாலுக்கான அளவுகள் இவை. அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 6.5 முதல் 8 வரை. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மையான ஜிஎச் 6 முதல் 12 டிகிரி. பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கேஎச் 2 முதல் 8. நீரில் கரைந்த மொத்த உப்பான டிடிஎஸ் 150 முதல் 300 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). வெப்பம் 22 முதல் 26 வரை சிறப்பு, 28 வரை பரவாயில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள்.

வாங்க வேண்டிய கருவிகள்: பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர், சொட்டு விட்டுப் பார்க்கும் ஜிஎச்-கேஎச் கிட், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் கிட்கள், ஒரு வெப்பமானி, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு. இறால் வாங்க வைத்திருக்கும் பணத்தில் பாதியை முதலில் இதற்குச் செலவழியுங்கள்.

உங்கள் வீட்டில் வருவது எந்தத் தண்ணீர்?

மாநகராட்சிக் குழாயில் வருவது எப்போதும் ஒரே தண்ணீர் என்று நினைக்க வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர், பாலாற்றுப் படுகைக் கிணறு, உள்ளூர் ஆழ்துளைக் கிணறு என மாறி மாறியும் கலந்தும் வரும். இந்த வாரம் 300 காட்டிய மீட்டர் அடுத்த வாரம் 700 காட்டலாம். அதனால் குழாய்த் தண்ணீரை ஒவ்வொரு முறையும் அளக்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

போர் தண்ணீர் மாறுவது குறைவு, ஆனால் உப்பு அதிகம். இங்கே டிடிஎஸ் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்றுதான் மீட்டர் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. டிடிஎஸ் 900 இருந்து ஜிஎச் 25க்கு மேல் இருந்தால் அதில் கால்சியம் இருக்கிறது, கலந்து பயன்படுத்தலாம். டிடிஎஸ் 900 இருந்து ஜிஎச் வெறும் 5 என்றால் அது பெரும்பாலும் சோடியம்; இறாலின் ஓட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. வீட்டில் உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் இருந்தாலும் இதே கதைதான், அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறது. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள்.

ஆய்வக அறிக்கை கையில் இருந்தால், அதில் மொத்தக் கடினத்தன்மை கால்சியம் கார்பனேட்டாக மில்லிகிராம் கணக்கில் இருக்கும். 17.9 ஆல் வகுத்தால் ஜிஎச் டிகிரி வரும். 600 என்று போட்டிருந்தால் அது சுமார் 33 டிகிரி. நைட்ரேட் எவ்வளவு என்றும் பாருங்கள். வயல்களுக்கு நடுவே உள்ள போரில் தொடக்கத்திலேயே நைட்ரேட் அதிகமாக இருந்தால், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் தொட்டியில் அது குறையாது.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலைகளை ஒட்டி இருப்பவர்கள் போர் தண்ணீரை இறாலுக்கு எடுக்கவே வேண்டாம். இந்தப் பகுதி நிலத்தடி நீர் தோல் கழிவால் கெட்டது ஊரறிந்த செய்தி; 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான வழக்கு அது. குரோமியத்தை டிடிஎஸ் மீட்டரும் காட்டாது, கடையில் விற்கும் சொட்டு மருந்தை நம்பியும் பயனில்லை.

கேன் தண்ணீரும் வீட்டு ஆர்ஓ தண்ணீரும் டிடிஎஸ் 30 முதல் 80 வரை இருக்கும். சுத்தம்தான், ஆனால் தனியாகப் பயன்படுத்தினால் இறாலுக்கு ஓடு கட்டச் சத்து இராது. இன்னொரு முக்கியமான விஷயம்: இப்போது விற்கும் பல ஆர்ஓ இயந்திரங்களில் செம்புச் சத்துச் சேர்க்கும் காப்பர் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. நமக்கு நல்லது என்று வைத்த அந்தச் செம்பு இறாலுக்கு விஷம். உங்கள் இயந்திரத்தில் அது இருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி மெம்பிரேனுக்கு அடுத்து, கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு தனிக் குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். செப்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரும் கூடாது. பித்தளைக் குழாயில் இரவெல்லாம் நின்ற தண்ணீரை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

கலவைக் கணக்கு

சுலபமான வழி, நல்ல போர் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் கலப்பது. வேண்டிய டிடிஎஸ்ஸிலிருந்து ஆர்ஓ டிடிஎஸ்ஸைக் கழியுங்கள். அதை, போருக்கும் ஆர்ஓவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். வருவது போர் தண்ணீரின் பங்கு.

போர் 900, ஆர்ஓ 40, நமக்கு வேண்டியது 250 என்று வைத்துக்கொள்வோம். 210ஐ 860ஆல் வகுத்தால் 0.24. அதாவது 10 லிட்டருக்கு 2.4 லிட்டர் போர், 7.6 லிட்டர் ஆர்ஓ. போரின் ஜிஎச் 28, கேஎச் 18 என்றால் கலவையில் ஜிஎச் 7க்குச் சற்றுக் குறைவாகவும் கேஎச் 4க்குச் சற்று மேலாகவும் நிற்கும். செர்ரிக்கு இது கச்சிதமான தண்ணீர்.

போரை நம்ப முடியாதவர்கள் ஆர்ஓ தண்ணீரில் இறாலுக்கென்று விற்கும் ஜிஎச்-கேஎச் தாது உப்பைக் கலக்கலாம். தனித்தனியாகச் சேர்ப்பவர்களுக்குக் கணக்கு இது: 10 லிட்டரில் ஜிஎச் 1 டிகிரி ஏற, உணவுத் தரக் கால்சியம் சல்பேட் 0.31 கிராம், அல்லது எப்சம் உப்பு 0.44 கிராம். கேஎச் 1 டிகிரி ஏறச் சமையல் சோடா 0.3 கிராம். ஜிஎச் 6 வேண்டுமென்றால் கால்சியம் சல்பேட் 1.4 கிராமும் எப்சம் 0.66 கிராமும் போடுங்கள். கேஎச் 3க்குச் சோடா 0.9 கிராம். கால்சியம் சல்பேட் மெதுவாகக் கரையும், ஏர் ஸ்டோன் போட்டு ஓர் இரவு விடுங்கள். உப்பைத் தொட்டிக்குள் நேரடியாகத் தூவக் கூடாது.

குழாய்த் தண்ணீர் கலப்பவர்கள் குளோரினை நீக்க வேண்டும். காற்று ஓட்டி 24 முதல் 48 மணி நேரம் திறந்து வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு, மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின். அதில் உள்ள சோடியம் தயோசல்பேட்டைப் படிகமாகவே வாங்கினால், 10 கிராமைக் கரைத்து 100 மில்லி கரைசலாக்கி வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு ஒன்றரை மில்லி விடுங்கள். சம்ப்பைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் இந்த அளவு போதாது. அன்றைக்கு அந்தத் தண்ணீரையே தொடாதீர்கள்.

தொட்டியைப் பழக்குதல்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் மணலும் செடியும் போக ஏறக்குறைய 45 லிட்டர் நிற்கும். புதியவருக்கு இதைவிடச் சின்னது வேண்டாம். தண்ணீர் குறைந்தால் வெப்பமும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும்.

அடியில் கழுவிய ஆற்று மணலோ கருங்கல் பொடி ஜல்லியோ போதும். எம்-சாண்டில் மாவு போன்ற தூசி அடங்காது. கல், மணல் எதுவானாலும் காய்ந்த நிலையில் வினிகர் சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தள்ளி வையுங்கள். வேலூர் மலைகளின் கருங்கல் நுரைக்காது. நீரை அமிலப் பக்கம் இழுக்கும் விலை உயர்ந்த அக்வா சாயில் மண் இந்த வளர்ப்புக்குத் தேவையில்லை: நம் நீரின் கேஎச் அதன் பலனைச் சீக்கிரமே தீர்த்துவிடும், முதல் சில வாரம் அதுவே அம்மோனியாவையும் கக்கும்.

ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஹார்ன்வோர்ட். இந்த நான்கு செடிகளும் கரியமில வாயு சிலிண்டர் இல்லாமலே வளரும். நர்சரியில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். அதனால் செடிகளைத் தனி வாளியில் ஒரு வாரம் போட்டுத் தினமும் தண்ணீரை மாற்றிய பிறகே தொட்டியில் வையுங்கள். திசு வளர்ப்புக் கோப்பைச் செடியாக இருந்தால் கூழைக் கழுவினால் போதும்.

வடிகட்டிக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். குஞ்சுகளை அது இழுக்காது, நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருக்கும்.

இனி அம்மோனியா. இறாலின் கழிவிலிருந்து வரும் இந்த நஞ்சை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை, இறாலை விடும் முன்பே தீனி போட்டு வளர்ப்பதுதான் தொட்டியைப் பழக்குவது. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் அமோனியம் குளோரைடு வாங்கி, 45 லிட்டருக்கு 0.28 கிராம் கரைத்து விட்டால் அம்மோனியா 2 பிபிஎம் வரும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் இதே பொருள்தான் என்றாலும் அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒரு முறை அளந்துவாருங்கள். அம்மோனியா குறையும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் குறைந்து நைட்ரேட் வரும். அம்மோனியா தீரும்போதெல்லாம் அதே அளவு மறுபடி விடுங்கள். விட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி பழகிவிட்டது. பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். வெறும் ஆர்ஓ தண்ணீரில் செய்தால் கேஎச் தீர்ந்து, பிஎச் விழுந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். பாதியில் நின்றுபோன பல தொட்டிகளின் கோளாறு இதுதான்.

இந்த ஊரில் அம்மோனியாவை ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? பிஎச்சும் வெப்பமும் ஏற ஏற அதன் நஞ்சு ஏறும். பிஎச் 7, 25 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் நஞ்சான பங்கு 0.6 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8, 30 டிகிரியில் அது 7 சதவீதத்தைத் தாண்டுகிறது. நம்முடைய போர் தண்ணீரும் நம்முடைய வெயிலும் சேர்ந்தால் இரண்டாவது கணக்குதான்.

பழகிய பிறகு பாதித் தண்ணீரை மாற்றி, இன்னும் இரண்டு வாரம் விளக்கெரித்துக் காத்திருங்கள். இலைமேல் வழுவழுவென்று படியும் மெல்லிய படலமும் பாசியும்தான் இறாலின் அன்றாடச் சாப்பாடு. சாலையோரம் உதிரும் நாட்டு வாதுமையின் நன்கு காய்ந்த பழுப்பு இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் அந்தப் படலம் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

இறாலை விடும் நாள்

முதலில் 10 முதல் 15 போதும். சென்னை கொளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த பையாக இருந்தால், உறையைப் பிரிக்காமல் தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு பையோடு வந்த நீருடன் ஒரு வாளியில் ஊற்றிச் சொட்டு முறையில் பழக்குங்கள். இதற்கு மெடிக்கலில் விற்கும் டிரிப் செட்டைவிடச் சௌகரியமான பொருள் இல்லை. புதிய செட்டின் ஊசியை வெட்டிவிட்டுக் குழாயைத் தொட்டியில் போட்டு உறிஞ்சி, உருளையைத் திருகி நொடிக்கு இரண்டு சொட்டு வையுங்கள். 20 சொட்டு ஒரு மில்லி என்ற கணக்கில் மணிக்கு 360 மில்லி இறங்கும். பையில் அரை லிட்டர் வந்திருந்தால் மூன்று மணி நேரத்தில் ஒன்றரை லிட்டராகும். வாளியிலும் தொட்டியிலும் டிடிஎஸ் 30க்குள் நெருங்கியதும் வலையால் இறாலை மட்டும் எடுத்து விடுங்கள், வந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். அன்று தீனி போடாதீர்கள், விளக்கையும் எரிக்காதீர்கள்.

வாராந்தர வேலை

வாரம் 10 சதவீதம், அதாவது 4.5 லிட்டர். முந்தைய நாளே தனி வாளியில் கலந்து காற்று ஓட்டி வையுங்கள். சோப்பு பட்ட வாளி ஆகாது. டிடிஎஸ் தொட்டியோடு 30க்குள், வெப்பம் 1 டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். அதே டிரிப் செட்டில் மெதுவாக இறக்கினால் இறாலுக்கு மாற்றமே தெரியாது. ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் பிழிந்தால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

மொத்தமாகத் தண்ணீரை மாற்றினால் என்ன ஆகும் என்பதை இறாலின் கழுத்தில் பார்க்கலாம். ஜிஎச் திடீரென்று மாறும்போது அது நேரத்துக்கு முன்பே ஓட்டைக் கழற்ற முயலும். தலையோடு உடல் சேரும் இடத்தில், நூல் கட்டியது போல ஒரு வெள்ளை வளையம் சுற்றிலும் தெரியும். ஓடு வெடித்த பின்பும் அதனால் வெளியே வர முடியாது. வளையம் தெரிந்த இறால் பிழைப்பது அரிது. மற்றவற்றைக் காப்பாற்ற, தண்ணீர் மாற்றுவதை 5 சதவீதமாகக் குறைத்து ஜிஎச்சை அளந்து சரிசெய்யுங்கள்.

கழற்றிய ஓட்டைச் செத்த இறால் என்று நினைத்துப் பலர் பதறுகிறார்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்து, உள்ளே வெறுமையாக, கழுத்தில் பிளந்திருந்தால் அது ஓடு. விட்டுவையுங்கள், அதை அவையே தின்னும். வேகவைத்தது போல இளஞ்சிவப்பாக மங்கிக் கிடந்தால் செத்தது, உடனே எடுங்கள்.

தீனி வாரத்தில் மூன்று நாள், 15 இறாலுக்கு ஓர் அரிசி மணியளவு. முருங்கைக்கீரையை நன்றாக அலசி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துத் தரலாம். மருந்தடிக்காத வீட்டு மரத்துக் கீரை என்றால்தான். மூன்று நான்கு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

கோடை

மார்ச்சிலிருந்தே தயாராகுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, மேற்குச் சுவர், ஜன்னலோரம் மூன்றும் தொட்டிக்கு ஆகாத இடங்கள். 30 டிகிரியைத் தாண்டினால் இனப்பெருக்கம் தடைப்படும்; 32க்கு மேல் நீடித்தால் சாவு தொடங்கும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரையும், 32 டிகிரியில் 7.3தான்.

கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஓடவிட்டால், நம் ஊரின் வறண்ட வெயிலில் 2 முதல் 4 டிகிரி குறையும். விளக்கைப் பகலில் அணைத்து இரவு 7 முதல் 12 வரை எரியுங்கள். மிக மோசமான நாளில் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, வெளியே கழுவி, மூடியோடு மிதக்கவிடலாம். 45 லிட்டரில் ஒரு பாட்டில் 1 டிகிரிக்குச் சற்று மேல் இறக்கும். ஒரே நேரத்தில் இரண்டு போடாதீர்கள்.

ஃபேன் ஓடினால் நாளுக்கு ஒரு லிட்டர்கூட ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததை டிடிஎஸ் 250 உள்ள கலவையாலேயே நிரப்பிக்கொண்டிருந்தால், 45 லிட்டர்த் தொட்டியில் நாளுக்கு ஐந்தரை பிபிஎம் ஏறி ஒரு மாதத்தில் 400ஐத் தாண்டிவிடும். ஆவியான அளவை எப்போதும் வெறும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் தினமும் எவ்வளவு என்று தெரியும்.

இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கும் என்பதால் விடிகாலைதான் ஆபத்தான நேரம். ஏர் பம்ப் 24 மணி நேரமும் ஓட வேண்டும். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

கொசு மருந்து

பிளக்கில் செருகும் கொசு லிக்விட், கொசுவத்தி, ஸ்ப்ரே ஆகியவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. பூச்சிக்கும் இறாலுக்கும் நரம்பமைப்பு நெருங்கியது. கொசுவைக் கொல்வது இறாலையும் கொல்லும். தொட்டியை மூடினாலும் போதாது, ஏனென்றால் ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துக் குமிழி குமிழியாக நீருக்குள்ளேயே அனுப்புகிறது. தொட்டியும் பம்ப்பும் இருக்கும் அறையில் இவற்றைப் பயன்படுத்தவே வேண்டாம். அங்கே கொசுவலையும் பேட்டும்தான். தெருவில் புகை மருந்து அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தி, பம்ப்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

டெங்கு காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் சம்ப்பிலும் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் அபேட் மருந்து ஊற்றுவார்கள். கொசுப்புழுவை ஒழிக்க அது அவசியம், தடுக்காதீர்கள். ஆனால் அது இறாலுக்கும் நஞ்சு. எந்தத் தேதியில் ஊற்றினார்கள் என்று குறித்துவைத்து, அடுத்து சம்ப்பைக் காலி செய்து கழுவும்வரை கேன் தண்ணீரில் தாது உப்புக் கலந்து சமாளியுங்கள். ஆன்டி குளோரின் இந்த மருந்தை நீக்காது.

மீனுக்கான வெள்ளைப்புள்ளி மருந்து, நத்தை கொல்லி ஆகியவற்றில் செம்பு இருக்கலாம். சானிடைசர் தடவிய கையையும் தொட்டிக்குள் விடாதீர்கள்.

இறால் தப்பாக நடந்தால்

தண்ணீர் மாற்றியதும் எல்லாமே தலைதெறிக்க நீந்தினால் குளோரினோ மருந்தோ வந்திருக்கிறது. எல்லாம் மேற்பரப்புக்கு வந்து ஒட்டிக்கொண்டால் ஆக்சிஜன் குறைவு அல்லது அம்மோனியா. வாரத்துக்கு ஒன்று, தண்ணீர் மாற்றிய இரண்டு நாளில் என்று செத்தால் ஓடு கழற்றும் சிக்கல். ஒரே இரவில் பாதிக்கு மேல் போனால் பூச்சிமருந்து அல்லது செம்பு. ஓர் ஆண் இறால் மட்டும் ஓயாமல் சுற்றினால் பயமில்லை. ஓடு கழற்றிய பெண்ணைத் தேடுகிறது.

இதற்காகத்தான் 10 லிட்டர் கலந்த தண்ணீரும் ஒரு காலி வாளியும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். நஞ்சு என்று சந்தேகம் வந்தால் இறால்களை உடனே அந்த வாளிக்கு மாற்றிக் காற்று ஓட்டுங்கள். இந்த ஒரு நேரத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாகப் பழக்க அவகாசமில்லை. பிறகு தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றி, ஒரு கைப்பிடி ஆக்டிவேட்டட் கார்பனை வலைப்பையில் கட்டி, நீர் ஓடும் இடத்தில் தொங்கவிடுங்கள். மூன்று நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை மாற்றுங்கள். பத்து நாள் கழித்துக் கார்பனைப் புதிதாக்கி, முதலில் இரண்டு இறாலை மட்டும் விட்டுப் பாருங்கள். அவை ஒரு வாரம் மேய்ந்து, ஓடும் கழற்றினால் மற்றவற்றையும் விடலாம்.